மண்ணில் விளையாட ஒரு லட்சத்து இருபதாயிரம்

மகளுக்கு மூன்றரை வயது. எங்கே சேர்ப்பது என்று ஆறு மாதமாக வீட்டில் இதே பேச்சு. இணையருடன் வேலை செய்யும் ஒருவர், தன் பையன் போகும் இயற்கைப் பள்ளியைப் பற்றிச் சொன்னார். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே நாலைந்து கிலோமீட்டர். கட்டிடம் கிடையாது. ஒரு ஓலைக் கொட்டகை, ஒரு குட்டை, புங்கமரம், வேப்பமரம், கோழி, ஆடு. பிள்ளைகள் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை வெறுங்காலோடு வெளியிலேயே இருப்பார்கள். மழை வந்தாலும் உள்ளே ஓட மாட்டார்கள். ஏபிசிடி இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தோம். அம்மாவும் வந்திருந்தார்.

எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிண்டல் செய்யலாம் என்ற நினைப்போடு போனவள்தான் நான். ஆனால் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று மரத்தில் தன் உயரத்துக்கு ஏறி, இறங்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் தானே இறங்கிவந்தது. ஆசிரியர் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்து, பாத்து" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. என் மகள் போய்ப் பத்து நிமிடத்தில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் குட்டைக்குள் இறங்கிவிட்டாள். திரும்பி வரும்போது அவளைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

அன்றைக்கு அங்கே 'நடவு நாள்'. நவரைக்கு நாற்று. இரண்டு சென்ட் இருக்கும், அதில் சேடை ஓட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு முடி நாற்று. பெற்றோர்கள் வரப்பில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு, "வேரு மேல நிக்குது, ராவுக்குள்ள சாஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். கட்டைவிரலால் எப்படி அழுத்த வேண்டும், எத்தனை நாற்றை ஒன்றாகப் பிடிக்க வேண்டும் என்று காட்டினார். பள்ளியை நடத்தும் பெண்ணுக்கு ஒரே மகிழ்ச்சி. அவர் பழைய ஐடி ஊழியர், பிள்ளைகள் அவரை 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். "பாட்டி, நீங்க மாசத்துக்கு ஒரு நாள் வந்து இவங்களுக்குச் சொல்லிக்கொடுங்க" என்றார்.

"வர்றேன் கண்ணு. இன்னா கூலி குடுப்பீங்க?" என்று கேட்டார் அம்மா.

அந்தப் பெண் சிரித்தார். தன்னார்வமாக வரும் தாத்தா பாட்டிகளைப் பற்றிச் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. அவர் கேட்டது நிஜமான கேள்வி.

அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனி. முப்பது வருடத்துக்கு மேல் ஊர்க்காரர்களின் கழனியில் நடவு, களையெடுப்பு, அறுப்பு. நடவு காலம் முடிந்தால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். ராத்திரி மருதாணியும் மஞ்சளும் அரைத்து வைத்துக்கொண்டு, காலைத் திண்ணையில் தூக்கிப் போட்டுப் படுத்திருப்பார். காலையில் மறுபடியும் அதே சேறு. அந்தக் கூலியில்தான் நான் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது முடித்தேன், கல்லூரி போனேன், சமூகவியலில் முதுகலை வாங்கினேன். எம்.ஏ. வகுப்பில் பூர்தியூவின் 'பண்பாட்டு மூலதனம்' நடத்தியபோது எனக்கு நினைவுக்கு வந்ததும் அந்தக் கால்தான். அதை எந்தப் பெட்டியில் வைப்பது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும் பேருந்தில் அம்மா சொன்னார்: "ஒன்ன அந்தச் சேத்துலேர்ந்து தூக்கறதுக்கு நான் எத்தன முடி நாத்து நட்டிருப்பேன்? நீ துட்டு கட்டி எம்பேத்திய அதே சேத்துல எறக்கறியா?"

ஆண்டுக் கட்டணம் ஒரு லட்சத்து இருபதாயிரம். நான் அவரிடம் சொன்னது அதில் பாதி.

இதை எழுத உட்கார்ந்தபோது எனக்கு எளிதாக வந்த கட்டுரை வேறு. 'நம் அடிமைத்தனத்தை அவர்கள் பொழுதுபோக்காக்கிவிட்டார்கள்' என்று இரண்டு பக்கம் திட்டிவிட்டு முடித்திருக்கலாம். மாணவத் தோழர்கள் பகிர்ந்துமிருப்பார்கள். ஆனால் என் மகள் அந்தக் குட்டையில் இருந்த அரை மணி நேரம் இருக்கிறதே, அது பொய்யில்லை. வெளியில், மண்ணில், தன் இஷ்டத்துக்கு விளையாடுவது மூன்று வயதுப் பிள்ளைக்கு நல்லது. அது கார் வைத்திருப்பவரின் பிள்ளைக்கு மட்டும் நல்லதாக இருக்க முடியாது. அதனால் திட்டுவதோடு நிறுத்த முடியவில்லை.

வெறுங்காலைப் பற்றி முதலில் பேசுவோம். அந்தப் பள்ளியின் கையேட்டில் ஒரு பக்கம் முழுக்க வெறுங்காலின் பெருமைதான். பாதம் மண்ணை உணர வேண்டும், உடல் சமநிலை கற்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சரியாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் வெறுங்காலுக்கு வேறு அர்த்தம். என் தாத்தா ஊர்த்தெரு முனை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார், தெரு முடிந்ததும் போட்டுக்கொள்வார். தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இதுதான் நடந்தது. சில ஊர்களில் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாளில் எனக்குக் கறுப்பு ஷூ வாங்கிக்கொடுக்க அம்மா கடன் வாங்கினார். பள்ளியில் ஷூ கட்டாயமில்லை. அவருக்குக் கட்டாயமாக இருந்தது. காலனிப் பெற்றோர்கள் சீருடை, டை, ஷூ, இங்கிலீஷ் மீடியம் என்று அலைவதைப் பார்த்து, 'ஆங்கில மோகம்', 'விழிப்புணர்வு இல்லை' என்று கல்வியாளர்கள் பேசும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அந்த ஷூவுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றுவது தானாகச் செய்யும் தேர்வாக இருக்க வேண்டுமானால், முதலில் அதைப் போட்டுக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவைப்படாமல் இருந்திருக்க வேண்டும். என் மகளுக்கு அந்த நிலை வந்திருக்கிறது. எறிந்துவிட்டு ஓடினாள். அம்மாதான் ஓடிப்போய் அந்தச் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வெளியும் அப்படித்தான். 'குழந்தைகளை வெளியே விடுங்கள்' என்று சொல்பவர்கள், வெளி என்பது எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது என்று நினைக்கிறார்கள். என் அண்ணனுக்கு எட்டு வயதிருக்கும்போது ஊர்க்காரர் ஒருவரின் பம்புசெட் தொட்டியில் இறங்கிக் குளித்துவிட்டான். அவனைக் கட்டிப்போட்டு அடித்தார்கள். அடித்ததைவிட எனக்கு நன்றாக நினைவிருப்பது, பிறகு அந்தத் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சாணி போட்டுக் கழுவியது. அண்ணன் அதற்கப்புறம் வெகுநாள் காலனியை விட்டு வெளியே விளையாடப் போகவில்லை. கொடுக்காப்புளி பறிப்பது, ஏரியில் மீன் பிடிப்பது, மாந்தோப்பு வழியாக நடப்பது என எல்லாவற்றுக்கும் எல்லை இருந்தது. எங்களுக்கு இயற்கை இல்லாமல் இல்லை. அது வேறொருவருக்குச் சொந்தமாக இருந்தது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் புகழ்ந்தவர்களை அப்படிக் கடுமையாக மறுத்துப் பேசினார் என்றால், அவருக்கு மரமும் குளமும் பிடிக்காது என்று அர்த்தமில்லை. அந்தக் குளத்தில் யார் இறங்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

செங்கல்பட்டு மண்ணைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். இதே மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நிலம் பிறந்தது. ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை. பண்ணை வீடு, ரிசார்ட், இயற்கை விவசாயம், இயற்கைப் பள்ளி என்று இந்தப் பக்கம் வருகிற எதுவாக இருந்தாலும், நிலம் யாருடையதாக இருந்தது என்ற கேள்வி அதன் அடியில் கிடக்கிறது.

இனி சாப்பாடு. விண்ணப்பத்தில் 'வீட்டு உணவுப் பழக்கம்' என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே: எளிய சைவச் சிற்றுண்டி மட்டும் கொடுத்தனுப்பவும், முட்டையும் தவிர்க்கவும். பத்தடியில் கோழி மேய்கிறது. பிள்ளைகள் காலையில் போய் முட்டை இருக்கிறதா என்று பார்ப்பது அவர்களுடைய அன்றாடச் செயல்பாடு. அந்த முட்டையைத் தின்னக்கூடாது! கேட்டேன். "எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுவாங்க, சில குடும்பங்களுக்குச் சங்கடமா இருக்கும்" என்றார். சங்கடப்படுபவர் யாரோ அவருடைய வழக்கம்தான் எல்லோருக்கும் விதியாகிறது. இது அந்த ஒரு பெண்ணின் கெட்ட எண்ணமில்லை. அவர் சாதி பார்க்கிறவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் பார்க்காமலே அது நடக்கிறது, அவ்வளவுதான். 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியப் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று சாதி இந்துக்கள் பள்ளியையே முற்றுகையிட்டார்கள். போராடித்தான் அவரை மறுபடியும் அங்கே அமர்த்த முடிந்தது, வழக்கும் பதிவானது. அங்கே சத்தம் போட்டுச் செய்ததை இங்கே ஒரு கட்டத்தில் டிக் அடித்து முடித்துவிடுகிறார்கள்.

அங்கே சேடையைத் தயார் செய்வது, வரப்பு கட்டுவது, கழிப்பறை கழுவுவது எல்லாம் ஓர் அம்மா. பிள்ளைகள் 'ஆயா' என்கிறார்கள். என் அம்மா அவரோடு ஐந்து நிமிடம் பேசிவிட்டு வந்தார். எந்த ஊர், எந்தப் பக்கம் என்று இரண்டே கேள்வி. அடுத்த சாலையில் இருக்கும் காலனிக்காரர். பேத்திக்கு நாலு வயது, காலனி பால்வாடிக்குப் போகிறாள். திரும்பும்போது அந்த வழியாகத்தான் வந்தோம். ஒற்றை அறை. வாசல் நேராகச் சாலையில் திறக்கிறது, மணல் லாரி போகும் சாலை. அதனால் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டுவிடுகிறார்கள். ஜன்னல் வழியாகப் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

நகரத்துப் பிள்ளைகள் நாற்பது கிலோமீட்டர் காரில் வந்து அந்த ஊர் மண்ணில் விளையாடுகிறார்கள். அந்த மண்ணைக் குழைத்துக் கொடுப்பவரின் பேத்தி, அதே ஊரில், பூட்டிய அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாள்.

கையேட்டில் டென்மார்க்கின் 1950களும், ஜெர்மனியில் ஃப்ளென்ஸ்பர்க்கில் 1993இல் அரசு அங்கீகாரம் பெற்ற காட்டு மழலையர் பள்ளியும் இருந்தன. அதற்கு முந்தைய வரலாறு இல்லை. 1914இல் லண்டனின் டெட்ஃபோர்டில் ரேச்சல், மார்கரெட் மெக்மில்லன் என்ற சகோதரிகள் ஒரு திறந்தவெளி மழலையர் பள்ளியைத் தொடங்கினார்கள். தோட்டம், தோட்டத்தில் திறந்த கொட்டகைகள். யாருக்காக? குடிசைப் பகுதித் தொழிலாளர்களின் நோயாளிப் பிள்ளைகளுக்காக. காற்றும் வெயிலும் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் இருந்தது என்பதுதான் காரணம். அங்கே விளையாட்டோடு சாப்பாடும் குளியலும் உண்டு. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், குளியலுக்குத் திரும்ப வருவேன்.

நம் நாட்டுக் கதை இன்னும் நேரானது. மகாராஷ்டிரக் கடலோரத்தில் போர்டி என்ற கிராமம். 1945இல் தாராபாய் மோடக் அங்கே கிராமப் பிள்ளைகளுக்கான பால்வாடியைத் தொடங்கினார், அனுதாய் வாக் அவரோடு சேர்ந்தார். ஊருக்குள் நடந்த பால்வாடிக்குத் தலித் பிள்ளைகள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சரி, பள்ளி அவர்களிடம் போகட்டும் என்று சேரிக்குள் போய், வீட்டு முற்றத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து நடத்தினார்கள். ஆங்கன் என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பெயர் அங்கிருந்து வந்தது. விலை உயர்ந்த மாண்டிசோரி சாதனங்களுக்குப் பதில் இலை, விதை, கூழாங்கல், சிப்பி. பின்னால் கோஸ்பாடில் மாடு மேய்க்கும் ஆதிவாசிப் பிள்ளைகளுக்காகப் புல்வெளிக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள். அவர்களின் காந்தியச் சட்டகத்தோடு, 'ஹரிஜன்' என்ற சொல்லோடு நமக்குச் சண்டை உண்டு. அது இருக்கட்டும். இந்தியாவில் திறந்தவெளி மழலையர் கல்வி ஒரு சேரி முற்றத்தில் நடந்தது என்பதுதான் இங்கே விஷயம். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. முற்றத்தைப் பல இடங்களில் விட்டுவிட்டது.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கும் மாணவர்களுக்கு: அதிகம் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுக்கானது. 12(1)(சி) பிரிவின் 25 சதவீத இடம் தனியார் பள்ளிகளுக்குப் பொருந்தும், அந்தப் பள்ளியில் எல்கேஜி இருந்தால் அதற்கும் பொருந்தும். ஆனால் மழலையர் வகுப்பு மட்டும் நடத்தும் இதுபோன்ற இடம் சட்டத்தின் கணக்கில் 'பள்ளி'யே கிடையாது. அதனால் 25 சதவீதமும் கிடையாது. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அரசு 'ஏற்பாடு செய்யலாம்' என்கிறது 11ஆம் பிரிவு. 86ஆவது திருத்தத்துக்குப் பிந்தைய 45ஆவது உறுப்பு 'முயல வேண்டும்' என்கிறது. உருப்படியாகப் பிடித்துக்கொள்ள ஒன்று உண்டு. உணவு உரிமை வழக்கில் 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், புதிய அங்கன்வாடிகளைத் தலித், ஆதிவாசிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை கொடுத்துத் திறக்கச் சொன்னது. மையம் வந்துவிட்டது, சரி. மையத்துக்கு வாசல் எங்கே, முற்றம் எங்கே என்று நாம்தான் இன்னும் கேட்கவில்லை.

அந்தப் பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். இரண்டே கேள்வி. ஒன்று, என் மகள் முட்டை கொண்டுவரலாமா? இரண்டு, ஆயாவின் பேத்தியைக் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்வீர்களா? முதல் கேள்விக்குப் பெற்றோர் கூட்டத்தில் பேசுகிறோம் என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு நீண்ட, மரியாதையான பதில். சிறிய முயற்சி, ஆசிரியர்களுக்கு நல்ல சம்பளம், நில வாடகை. எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். 24 பிள்ளைகள் படிக்கிறார்கள். இருபத்தைந்தாவது பிள்ளை மரத்தில் ஏறுவதற்கு எவ்வளவு செலவாகும் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மகளை எங்கள் வார்டு பால்வாடியில் சேர்த்திருக்கிறோம். இதைத் தியாகமாக யாரும் பாராட்ட வேண்டாம். எங்கள் வீட்டில் புத்தகம் இருக்கிறது, இரண்டு பேர் சம்பளம் இருக்கிறது. பால்வாடியில் எழுத்து வராவிட்டாலும் அவளுக்கு ஒன்றும் ஆகிவிடாது. பக்கத்து வீட்டு ஓட்டுநர் தம்பி மாதம் இரண்டாயிரம் கட்டித் தன் பிள்ளையை இங்கிலீஷ் மீடியம் நர்சரியில் போட்டிருக்கிறார் என்றால், அவரிடம் போய் மண் விளையாட்டின் மேன்மையைப் பேச எனக்கு வாய் வராது.

பால்வாடிக்குப் பின்னால் ஆறேழு சென்ட் புறம்போக்கு. சாலை போட்டபோது பெயர்த்த ஜல்லியையும் கட்டிட இடிபாட்டையும் அங்கேதான் கொட்டியிருக்கிறார்கள். அதைச் சுத்தம் செய்து, வேலி போட்டு, மண் அடித்து, இரண்டு மரம் வைத்தால் போதும் என்று நினைத்தேன். அம்மாக்களைக் கூப்பிட்டுப் பேசினேன். உற்சாகமாகத் தலையாட்டுவார்கள் என்று எதிர்பார்த்தது என் முட்டாள்தனம். ஒரு பெண் கேட்டார்: "அக்கா, பிள்ள சேறோட வந்தா யாரு தோய்க்கறது? எங்க தெருவுல ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி தண்ணி. அதுவும் நாலு கொடம்."

எனக்கு அது தோன்றவே இல்லை. என் வீட்டில் மாடியில் தொட்டி இருக்கிறது. அந்தப் பள்ளியின் கையேட்டில் 'அழுக்காவது நல்லது' என்ற மாதிரி ஏதோ இருந்தது. அழுக்கை யார், எந்தத் தண்ணீரில் கழுவுவது என்று இல்லை, அங்கே எல்லோர் வீட்டிலும் வாஷிங் மெஷின். நூறு வருடத்துக்கு முன்னால் டெட்ஃபோர்டில் தோட்டத்தோடு சேர்த்துக் குளியலறையும் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. சமூகவியலில் பட்டம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "நான் அன்னிக்கே சொல்லியிருப்பேனே, நீ எங்க கேட்ட" என்றார்.

அதனால் மனுவை மாற்றி எழுதினோம். முதல் கோரிக்கை குழாய். பால்வாடிக்கென்று தனி இணைப்பு, ஒரு சின்டெக்ஸ் தொட்டி, பிள்ளைகள் கை கால் கழுவ வெளியே ஒரு சிமெண்ட் மேடை. அதற்கப்புறம் இடிபாடு அகற்றுவது, வேலி, மண், நிழல் மரம். வாசலைச் சாலைப் பக்கமிருந்து பின்பக்கம் மாற்றுவது. கடைசியாக ஒரு சட்டை: விளையாட்டுக்கென்று பால்வாடியிலேயே இருக்கும் பழைய சட்டை, வீட்டுக்கு வராது. இந்த யோசனை அந்தப் பெண்ணுடையது. 31 அம்மாக்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், நாலு பேர் கைநாட்டு. அம்மா தன் பங்குக்கு, இடம் சுத்தமானதும் ஒரு ஓரத்தில் கீரைப் பாத்தி தான் போட்டுக்கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கூலி கேட்கவில்லை.

முதல் மனு பேரூராட்சி அலுவலகத்தில் இரண்டு மாதமாகக் கிடக்கிறது. ரசீது மட்டும் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மனுநாளில் நேரில் கொடுக்கப் போகிறோம். பிள்ளைகளும் வருகிறார்கள். அந்தக் கடற்கரைச் சாலைக் காலனி பால்வாடிக்கும் தனியாக ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன், ஆயாவிடம் கையெழுத்து வாங்க அம்மா நேற்றே கிளம்பிப் போய்விட்டார். செங்கல்பட்டு பக்கம் படிக்கும் தோழர்கள் யாராவது வந்தால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படும்.